வெட்டாத துணியும் வெறும் கவுனும்

ஸ்பெயின் நாட்டின் வடகரையில் கெத்தாரியா என்று ஒரு மீன்பிடி ஊர் இருக்கிறது. அங்கே 1895-ல் ஒரு படகுக்காரருக்கும் தையல் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கும் பிறந்தவர்தான் கிறிஸ்டோபால் பாலென்சியாகா. பின்னாளில் பாரிஸில் கடை போட்டு, சக வடிவமைப்பாளர்களே ஆசானாக மதிக்கும் அளவுக்கு வளர்ந்தார். அவர் தைத்த உடைகள் உடம்பைக் கவ்விப் பிடிக்காது. தோளில் தொங்கி, முதுகுக்கும் துணிக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட்டு நிற்கும். அந்த வெட்டின் மூலத்தை அவர் ஊர் மீனவர்கள் போட்டிருந்த தொளதொள மேல்சட்டையில் காண்கிறவர்கள் ஆடை வரலாறு எழுதுபவர்களில் உண்டு. பாம்பனிலோ ஏர்வாடியிலோ மூக்கையூரிலோ இருப்பவர்களுக்கு இது ஒன்றும் புதுமையாகத் தோன்றாது. உப்பும் ஈரமும் காற்றும் உள்ள இடத்தில் உடம்போடு ஒட்டுகிற துணியை யார் விரும்புவார்கள்?

இன்றைக்கு ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரிப் பெண் போனில் உடை தேடினால் ‘மினிமல்’ என்ற ஒட்டோடு வரிசையாக வந்து நிற்கும். ஒற்றை நிறம். கரை இல்லை, பூ இல்லை, கல் இல்லை, ஜரிகை இல்லை. தோளிலிருந்து நேராக இறங்கும் ஒரு கவுன், அல்லது காலர் வைக்காத ஒரு குர்த்தி. விலையைப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் எம்பிராய்டரி போட்டதைவிடக் கூடுதல். “இதுல என்ன இருக்குன்னு இம்புட்டு ரூபா?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, இந்த வெறும் கவுன் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

மினிமலிசம் என்ற பேர் 1960-களில் நியூயார்க் ஓவியர்களையும் சிற்பிகளையும் பற்றி எழுதியவர்கள் புழக்கத்தில் விட்டது. ஆடைக்கு அது ஒட்டிக்கொண்டது அப்புறம்தான். ஆனால் ஆடையில் நடந்த காரியம் அந்தப் பேருக்கு ரொம்ப முந்தியது. வெட்டாமல் உடுத்தும் துணி, வெளியே தெரியக் கூடாது என்று வைத்திருந்த உள்ளுடை, வேலைக்குப் போட்ட உடை ஆகிய மூன்றிலிருந்தும்தான் அது பிறந்தது என்பது என் கணிப்பு. பெரிய பெரிய பேஷன் கடைகள் இந்த மூன்றிலிருந்தும் எடுத்து எடுத்துத்தான் ‘புதுமை’ என்று விற்றிருக்கின்றன. மூன்றும் இன்றைக்கும் சாதாரணமாகத் தெருவில் நடமாடுகிற இடம் எங்கள் ராமநாதபுரம் கரை.

சேலையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் கைலியிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பக்கம் சிலர் கைலி என்பார்கள், சிலர் சாரம் என்பார்கள். இரண்டு மீட்டர் சொச்சம் துணி. இரண்டு முனையையும் சேர்த்து ஒரே ஒரு தையல் ஓட்டினால் மூட்டிய கைலி. அதோடு உடை முடிந்தது. இடுப்பளவு எடுக்க வேண்டாம், நாடா வேண்டாம், பொத்தான் வேண்டாம். தொப்பை வந்தாலும் வற்றினாலும் அதே கைலி. வள்ளத்தில் ஏறும்போது மடித்துக் கட்டலாம், இரவில் இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம், குளித்துவிட்டு அதற்குள்ளேயே உடை மாற்றலாம். பாலென்சியாகா 1961-ல் ஒரே துணியை வளைத்து மடக்கி ஒரே ஒரு மூட்டோடு ஒரு கோட் தைத்தார். அவருடைய வெட்டுத் திறமைக்கு உச்சம் என்று இன்றும் அதைக் காட்டுகிறார்கள். பாராட்டு தகும், கையும் தோளும் கழுத்தும் ஒரே துண்டிலிருந்து வந்தாக வேண்டும், கைலிக்கு அந்தத் தலைவலி கிடையாது. ஆனால் தையலை எவ்வளவு குறைக்கலாம் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

ஐரோப்பாவில் இந்தக் கணக்கு மறுபடி கிளம்பியது 1900-களின் தொடக்கத்தில். அதுவரை மேல்தட்டுப் பெண்கள் எலும்பும் கம்பியும் வைத்த கார்செட்டை இறுக்கிக் கட்டி, அதன்மேல் அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாரிஸில் பால் புவாரே, கார்செட் தேவைப்படாத நேர் கவுன்களை அந்தப் பத்தாண்டில் தைக்க ஆரம்பித்தார். வெனிஸில் இருந்த மரியானோ ஃபோர்ச்சுனி இன்னும் ஒரு படி போனார். பழைய கிரேக்கர்கள் இரண்டு செவ்வகத் துணியைத் தோளில் ஊசி குத்தி உடுத்தியது கைட்டன். அதைப் போட்ட சிலைகளைப் பார்த்து, மெல்லிய பட்டில் நூற்றுக்கணக்கான பொடி மடிப்பு வைத்து ‘டெல்ஃபோஸ்’ என்ற கவுனைச் செய்தார். 1909-ல் அந்த மடிப்பு முறைக்குக் காப்புரிமையும் வாங்கினார். கவுனில் வேலைப்பாடு எதுவும் இல்லை. ஓரத்தில் மட்டும் முரானோ தீவில் செய்த சிறு கண்ணாடி மணிகள். அழகுக்கு என்று தோன்றும், உண்மையில் எடைக்கு. மெல்லிய பட்டு மேலே ஏறாமல் கீழே இழுத்துப் பிடிக்க ஏதாவது வேண்டும் அல்லவா? நம்மூரில் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதில் பாதிக் காரணம் அதுதான். ஜரிகைக் கரையும் பகட்டுக்கு மட்டும் அல்ல. கனமான கரை உள்ள சேலை காற்றில் அடங்கி நிற்கும். கரையில்லாத மெல்லிய சேலையைக் கட்டிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு இது தெரியும்.

மதலேன் வியோனேயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இன்றைய மினிமல் கவுனுக்கு ஒரே ஒருவரைப் பாட்டியாகக் காட்டச் சொன்னால் நான் இவரைத்தான் காட்டுவேன். 1876-ல் பிறந்தவர், சிறு வயதிலேயே தையல்கடைக்கு வேலைக்குப் போனவர், 1912-ல் பாரிஸில் சொந்தக் கடை திறந்தார். காகிதத்தில் படம் வரைந்து தொடங்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஒரு சிறு மரப்பொம்மை மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் வெட்டு முடிவாகும். முதல் உலகப் போர் முடிந்த சமயம் அவர் செய்த ஓர் உடை வெறும் நான்கு சதுரத் துணிகளால் ஆனது. நான்கையும் முனை மேலாகத் தொங்கவிட்டு ஒன்றோடொன்று இணைத்தார். கீழ் ஓரம் கைக்குட்டை முனைகள் போலக் கூராக இறங்கும்.

அதன் சூட்சுமம் சதுரத்தைத் திருப்பித் தொங்கவிட்டதில் இருக்கிறது. துணியில் நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. இந்த இரண்டு திசையிலும் பிடித்து இழுத்தால் துணி கொடுக்காது. மூலைவாக்கில் இழுத்துப் பாருங்கள், இளகும். நூல்களுக்கு நடுவே உள்ள பொடிச் சதுரங்கள் சாய்சதுரமாகச் சாய்வதால் வரும் இளக்கம் அது. துணியை அந்தத் திசையில் தொங்கவிட்டால் டார்ட் (உடம்புக்கு ஏற்பத் துணியை உள்ளே மடித்துப் பிடிக்கும் தையல்) பிடிக்காமல், கொக்கி வைக்காமல் உடம்பின் வளைவோடு தானே படிந்து இறங்கும். வியோனே இதை ஒரு முழு உடைக்கே செய்தார். அதற்காக வழக்கத்தைவிட அகலமான துணியைத் தனியாக நெய்யச் சொல்லி வாங்கினார். இதில் ஒரு சங்கடமும் உண்டு. மூலைவாக்கில் வெட்டிய துணி தொங்கத் தொங்க நீளும், அதுவும் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. அதனால் தைத்த கவுனைக் கொஞ்ச நாள் தொங்கப் போட்டு வைத்துவிட்டு, அப்புறம்தான் கீழ் ஓரத்தைச் சமன் செய்து அடிக்க வேண்டும்.

நம்மூர் டெய்லர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல. ‘கிராஸ் கட் ஜாக்கெட்’ என்று சொல்லி நாம் தைக்கக் கொடுப்பது இதே தத்துவம்தான். மார்புப் பகுதித் துணியை மட்டும் மூலைவாக்கில் வெட்டினால் ஜாக்கெட் சுருக்கமில்லாமல் படியும். பாரிஸில் மொத்த கவுனுக்கும் செய்ததை இங்கே ஒரு கைக்குட்டை அளவுத் துணியில் செய்கிறோம்.

ஜப்பானியர்கள் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தார்கள். கிமோனோவுக்குத் துணி ஒரு முழத்துக்கும் குறைவான அகலத்தில்தான் நெய்யப்படும். அதை நேர்க்கோட்டில் வெட்டி நேர்க்கோட்டில் மூட்டுவார்கள். வெட்டுத்துணி என்று கூட்டித் தள்ள அநேகமாக எதுவும் மிஞ்சாது. 1970-களிலிருந்து இஸ்ஸே மியாகே என்ற வடிவமைப்பாளர் ‘ஒரு துண்டுத் துணி’ என்பதையே தன் கொள்கையாகச் சொல்லிவந்தார். 1993-ல் அவர் கொண்டுவந்த ‘பிளீட்ஸ் பிளீஸ்’ உடைகளில், வேண்டிய அளவைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக பாலியெஸ்டரில் தைத்துவிட்டு, பிறகு சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றினார்கள். சுருட்டிப் பைக்குள் திணிக்கலாம், துவைத்து உதறினால் இஸ்திரி வேண்டாம். ஃபோர்ச்சுனியின் பட்டை பஸ் ஏறி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. சேலையிலும் கைலியிலும் திறமை முழுக்க உடுத்துகிறவர் கையில் இருக்கிறது. கொசுவம் எத்தனை, எங்கே சொருகல், முந்தானை எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கை முடிவு செய்வது. ஒரே சேலையை அம்மா கட்டினால் ஒரு மாதிரியும் மகள் கட்டினால் வேறு மாதிரியும் விழும். மினிமல் கவுனில் அந்தத் திறமையை வெட்டுகிறவர் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறார். தலைவழியாகப் போட்டால் போதும், கட்டிய துணியின் விழுகை வந்துவிட வேண்டும். போடுகிறவருக்கு எவ்வளவு சுலபமோ, செய்கிறவருக்கு அவ்வளவு கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்கான கூலி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால்தான் வீட்டில் அந்தக் கேள்வி வருகிறது.

உள்ளுடைக் கதை இதைவிட ருசியானது. 1783-ல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் ராணி மேரி அன்டோனெட்டின் படம் ஒன்று மாட்டப்பட்டது. வரைந்தவர் விஜே லெ பிரன் என்ற பெண் ஓவியர். ராணி வழக்கமான கனத்த பட்டில் இல்லை. மஸ்லின் என்ற மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில், இடுப்பில் ஒரு நாடா, தலையில் ஒரு வைக்கோல் தொப்பி, அவ்வளவுதான். ஊர் கொதித்துவிட்டது. நாட்டின் ராணி உள்சட்டையோடு வந்து நிற்பதா? லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் வயிற்றில் அடிக்கிறாள், அந்நியப் பருத்தியைக் கட்டிக்கொண்டு திரிகிறாள் என்று இன்னொரு பக்கம் பேச்சு. படத்தை இறக்கிவிட்டு, பட்டுடுத்தி ரோஜாப்பூ பிடித்திருக்கும் வேறொரு படத்தை மாட்டினார்கள். ஆனால் அந்த உடை பரவுவது நிற்கவில்லை. பதினைந்து இருபது வருஷத்துக்குள் ராணியும் இல்லை, அரசும் இல்லை. பாரிஸ் முழுக்க, லண்டன் முழுக்கப் பெண்கள் மார்புக்குக் கீழே ஒரு நாடா கட்டிய வெள்ளை மஸ்லின் கவுனில் நடந்தார்கள்.

அந்த மஸ்லினுக்குப் பேர்போன இடம் வங்காளத்து டாக்கா. டாக்காவுக்கும் எங்கள் கரைக்கும் ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. மன்னார் வளைகுடாவில் முக்குளித்து எடுத்த சங்குகள் கப்பலேறி வங்காளத்துக்குத்தான் போகும். டாக்காவில் சங்கறுக்கிறவர்களுக்கு என்று ஒரு தெருவே இருக்கிறது. அங்கே அறுத்து மெருகேற்றி, வங்காளத்துச் சுமங்கலிகள் போடும் வெள்ளை வளையலாக்குவார்கள். கீழக்கரைச் சங்கு வளையலானதும், ஐரோப்பியச் சீமாட்டிகளின் மஸ்லின் தறியில் ஏறியதும் ஒரே ஊரில். ஆடை வரலாற்றுப் புத்தகங்கள் இந்தப் பக்கத்தை எழுதுவதில்லை. எங்களுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை, அவ்வளவுதான்.

அப்புறம் பாரிஸ் வடிவமைப்பாளர் கோகோ ஷனேல். ஜெர்சி என்ற பின்னல் துணி அதுவரை ஆண்களின் உள்சட்டைக்கும் விளையாட்டு உடைக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் அதில் பெண்களுக்கு உடை தைத்தார். 1926-ல் அவருடைய எளிய கறுப்பு உடை ஒன்றின் படத்தைப் போட்ட அமெரிக்க ‘வோக்’ பத்திரிகை, எல்லோரும் வாங்கப்போகிற ஒன்று என்ற பொருளில் அதை ஃபோர்டு காரோடு ஒப்பிட்டது. அந்தக் கறுப்பின்மேல் ஷனேல் சரம் சரமாக முத்து போட்டுக்கொண்டார், அசலும் போலியும் கலந்து. இதைச் சொல்லக் காரணம், வெறும் உடை என்பது பல சமயம் வேறு எதையோ எடுத்துக்காட்டுகிற பின்னணித் திரை. முத்துக்குளித்த கரையில் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1990-களில் உள்பாவாடை மாதிரியே தோள்பட்டையில் மெல்லிய நாடாவோடு தொங்கும் ‘ஸ்லிப்’ உடை நாகரிகமானது. 1996-ல் ஜான் கென்னடியின் மகனை மணந்த கரோலின் பெசட் கல்யாணத்துக்குப் போட்டது அப்படி ஒரு வெண்பட்டு. நார்சிஸோ ரோட்ரிகஸ் வெட்டியது, வெட்டு வியோனேயின் மூலைவாக்கு வெட்டு. அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. மணப்பெண் உடை என்றால் லேஸ் இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

உள்ளுடை, இரவுடை வெளியே வருவதைப் பற்றிப் பேசும்போது நைட்டியை விட்டுவிட்டால் நியாயமாகாது. தூங்கும்போது போடுவதற்கு என்று வந்தது, இன்று தமிழ்நாட்டில் காலை தண்ணீர்க் குடத்திலிருந்து மீன் வாங்குவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான். வெளியே வரும்போது தோளில் ஒரு துண்டு. பாலென்சியாகா 1957-ல் இடுப்பே இல்லாத சாக்கு மாதிரி உடையைக் காட்டியபோது, பெண்ணின் உருவத்தையே மறைக்கிறதே என்று பலர் முகம் சுளித்தார்கள். நைட்டியின் வெட்டு வேறென்ன? தோளில் தொடங்கி, இடுப்பைக் கண்டுகொள்ளாமல் கணுக்கால் வரை ஒரே இறக்கம். பூப்போட்ட பிரிண்ட்டை எடுத்துவிட்டு ஒற்றை நிறத்தில் கெட்டிப் பருத்தியில் தைத்தால், போனில் நாலாயிரம் ரூபாய்க்கு வருகிற கவுனுக்கும் அதற்கும் உறவுமுறை நெருக்கம். நைட்டியைக் கேலி செய்கிறவர்கள் அதே வெட்டை லினனில் பார்த்தால் ரசிக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் எரிச்சல்.

மூன்றாவது, வேலை உடை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு 1942-ல் துணிக்குக் கட்டுப்பாடு போட்டது. பாவாடையின் அகலம் இவ்வளவு, மேலே ஒட்டும் பை கூடாது, கையில் மடிப்பு கூடாது என்று உத்தரவே இருந்தது. மற்றவர்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது கிளேர் மெக்கார்டெல் என்ற வடிவமைப்பாளருக்கு அது தோதாகப் போயிற்று. 1938-லேயே முன்னும் பின்னும் ஒரே மாதிரி தொங்கும், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்ளும் துறவி அங்கி போன்ற உடையைச் செய்தவர் அவர். 1942-ல் அவர் கொண்டுவந்த ‘பாப்ஓவர்’, வீட்டு வேலைக்காரி இல்லாமல் தானே சமைக்க வேண்டி வந்த பெண்களுக்கான சுற்றிக் கட்டும் உடை. விலை 6.95 டாலர். சூட்டுப் பாத்திரம் பிடிக்க ஒரு கையுறைகூட அதோடு இணைத்திருந்தார்கள். பையும் உண்டு. பெண்கள் உடையில் பை வைத்தவர்கள் பேரை எல்லாம் தனியாக எழுதி வைக்க வேண்டும். போர் முடிந்தவுடன் 1947-ல் கிறிஸ்டியன் டியோர், மீட்டர் மீட்டராகத் துணி விழுங்கும் அகலப் பாவாடையைக் கொண்டுவர, உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. எளிமை வருவதும் போவதும் இப்படித்தான். மஸ்லின் கவுனுக்குப் பின்னால் கம்பிக் கூண்டுப் பாவாடை வந்தது, 80-களின் பெரிய தோள்பட்டைக்குப் பின்னால் வெறும் வெட்டுக்குப் பேர்போன வடிவமைப்பாளர்கள் ஜில் சாண்டரும் ஹெல்முட் லாங்கும் வந்தார்கள்.

வேலை உடை என்றால் எங்கள் கரையில் முதலில் நினைவுக்கு வருவது பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து மேற்கே பல ஊர்களில் பெண்கள் தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். உடை என்ன? சேலையை இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஆண்கள் போடும் டி-ஷர்ட் அல்லது முழுக்கைச் சட்டை. வெறும் சேலை தண்ணீருக்குள் மிதந்து மேலே ஏறும், சட்டை அதை அமுக்கிப் பிடிக்கும். கைக்குச் சொறியிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பு. பாறை கிழிக்காமல் விரல்களில் துணிக் கிழிசலோ ரப்பர் உறையோ. கண்ணுக்குக் கண்ணாடி. காலில் துடுப்புக்குப் பதில் கட்டிக்கொள்கிற தகடு. ஒன்றுமே அலங்காரத்துக்கு இல்லை. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டால் எங்காவது காயம் படும். ‘தேவையில்லாத எதுவும் இல்லை’ என்று மினிமல் கடைகள் விளம்பரம் செய்கின்றனவே, அந்த வாசகத்துக்கு முழுத் தகுதி உள்ள உடை இது ஒன்றுதான். ஆனால் பார்வைக்கு மினிமலாக இருக்காது. அடுக்கடுக்காக, நிறம் பொருந்தாமல், எந்த ஆல்பத்திலும் வராத மாதிரி இருக்கும்.

துணியிலும் ஒரு வேடிக்கை உண்டு. கடற்கரை உடை என்றால் கடைகள் லினனையும் கைத்தறிப் பருத்தியையும் காட்டும். கடலில் இறங்குகிறவர்கள் அதைத் தொடமாட்டார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், உப்போடு காய்ந்து உரசும், மறுநாள் காலைக்குள் காயாது. அவர்களுக்கு நைலெக்ஸ் சேலையும் பாலியெஸ்டர் சட்டையும்தான் சரி. கரையில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவருக்கும் கடலுக்குள் போகிறவருக்கும் எளிமை ஒரே துணியில் கிடைப்பதில்லை.

கீழக்கரைத் தெருக்களில் வேறொரு வகை எளிமை இருந்தது. முஸ்லிம் பெண்கள் வெளியே வரும்போது சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொள்வார்கள். வெள்ளை, ஒரே துணி, தையல் கிடையாது. கடல் வணிகத்தில் செழித்த குடும்பத்துப் பெண்ணும் சாதாரண வீட்டுப் பெண்ணும் வெளியே பார்வைக்கு ஒன்றுபோல. உள்ளே எவ்வளவு நகை என்பது வீட்டுக்குள் போனால்தான் தெரியும். இன்று பணக்காரர்கள் அடையாளமே இல்லாத சாம்பல் ஸ்வெட்டருக்கு லட்சக்கணக்கில் கொடுப்பதை ‘அமைதியான ஆடம்பரம்’ என்று பத்திரிகைகள் எழுதும்போது எனக்கு அந்தத் துப்பட்டி நினைவுக்கு வரும். பிறகு வளைகுடா நாட்டுப் பழக்கத்தோடு கறுப்பு அபாயா வந்து துப்பட்டியின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. அதுவும் முதலில் வெறும் கறுப்பாகத்தான் வந்தது. இப்போது கையில் கல் வேலை, ஓரத்தில் லேஸ், முதுகில் எம்பிராய்டரி. வெறுமையாக வந்த துணியை மனிதர்கள் அப்படியே விட்டு வைப்பதில்லை.

அதை ரசனைக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. இதே ராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் சில இவை: பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கவோ செருப்புப் போடவோ கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1921 செப்டம்பரில், பக்கத்து மதுரையில் காந்தி தானாக மேல்துணியைக் கழற்றி வைத்துவிட்டு அரையாடைக்கு மாறியிருந்தார். கழற்றுவதற்கு முதலில் போட்டுக்கொள்ளும் உரிமை இருக்க வேண்டும். தாத்தாவுக்குச் சட்டை மறுக்கப்பட்ட வீட்டில் பேத்தி கல்யாணத்துக்குக் கெட்டி ஜரிகைப் பட்டு எடுத்தால், ‘குறைவே அழகு’ என்று அவளுக்குப் பாடம் எடுக்க யாருக்கும் வாய் இல்லை. மினிமல் உடை, அதை உடுத்துகிறவரைப் பார்த்து யாரும் ஏழை என்றோ தாழ்ந்தவர் என்றோ நினைத்துவிட மாட்டார்கள் என்ற தைரியத்தில் நிற்கிற உடை. எல்லா ஊரிலும் எல்லோருக்கும் அந்தத் தைரியம் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

சரி, விலைக்கு வருவோம். கொள்ளை லாபம் அடிக்கிற கடைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காகச் செய்த வெறும் கவுனுக்குச் செலவு கூடத்தான் ஆகும். முதல் செலவு துணி. பரமக்குடி, எமனேஸ்வரம் தறிகளில் நெய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: புட்டா போட்ட துணியில் ஓர் இழை அறுந்து முடிச்சு விழுந்தால் கண் அதன்மேல் போகாது. ஒற்றை நிறத்தில் நெய்த வெறும் துணியில் அது பளிச்சென்று தெரியும். சாயம் ஓர் இடத்தில் ஏறி ஓர் இடத்தில் இறங்கினாலும் அப்படியே. பாலென்சியாகா தனக்கு வேண்டிய விறைப்பு எந்தத் துணியிலும் கிடைக்காமல், 1958-ல் சுவிட்சர்லாந்துத் துணி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து ‘கஸார்’ என்ற பட்டையே புதிதாக உருவாக்க வைத்தார். வடிவத்தை அலங்காரம் தூக்கி நிறுத்தாவிட்டால் துணிதான் தூக்கி நிறுத்த வேண்டும்.

அடுத்தது வெட்டும் தையலும். லேஸ் வைத்த கழுத்தில் கொஞ்சம் கோணல் இருந்தால் லேஸ் மறைத்துவிடும். வெறும் கழுத்தில் நூலளவு கோணலும் தெரியும். துணியை மேசையில் விரிக்கும்போது பாவு நேராக இல்லாவிட்டால், இரண்டு சலவைக்கு அப்புறம் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கழுத்துக்கு உள்பட்டி வைத்திருக்கிறார்களா, ஓரம் பிரியாமல் மெஷினில் சுற்றி அடித்த வெறும் ஓவர்லாக்கா என்று. தோளைப் பிடித்துத் தூக்கினால் பக்கத் தையல் இரண்டும் நேராகத் தரை பார்த்து இறங்குகிறதா என்று. இந்த இரண்டும் சரியில்லை என்றால் அது மினிமல் அல்ல, வேலை மிச்சம் பிடித்த துணி.

ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ நல்ல கை உள்ள டெய்லர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் தையல்கடை கூலிக் கணக்கு சேர்க்கிற பொருளை வைத்து ஏறுகிறது. சாதா ஒரு விலை, லைனிங் வைத்தால் ஒரு விலை, பைப்பிங், லேஸ், நாட், ஆரி வேலை என்று ஒவ்வொன்றுக்கும் மேலே மேலே. ஒன்றும் சேர்க்காத கவுன் ‘சாதா’ கணக்கில் போய் விழும். பாவு நேர் பார்த்து விரித்து, ராத்திரி முழுக்கத் தொங்கப் போட்டு, மறுநாள் ஓரத்தைச் சமன் செய்து, உள்பட்டியைக் கையால் பிடித்துத் தைக்க ஆகிற நேரத்தில் அவர் நாலு ஜாக்கெட் முடித்துவிடுவார். சாதா கூலிக்கு அவ்வளவு நேரம் யாரும் உட்கார முடியாது.